முப்பத்தைந்து நிமிடச் சாலை

கையெழுத்தும் முகவரியும் இல்லாத மனுவின் பேரில் எந்த அலுவலகமும் நடவடிக்கை எடுக்கக் கூடாது. வந்த தேதியைக் குறித்து, கோப்பில் சேர்த்து, அத்துடன் முடித்துவிட வேண்டும். விதி அப்படித்தான் சொல்கிறது. முப்பத்தாறு வருட அரசு வேலையில் பதினோரு வருடம் நான் விஜிலன்ஸ் பிரிவில் இருந்தேன். மொட்டைக் கடுதாசிகளுக்கு எண் போட்டு, 'நடவடிக்கை தேவையில்லை' என்று எழுதி மூடுவது என் பொறுப்பு. படிக்காமல் மூட வேண்டும் என்று விதியில் இல்லை. அதனால் எல்லாவற்றையும் படித்தேன். இந்த ஊரில் யார் யாரை எதற்காகச் சந்தேகப்பட்டார்கள் என்பதில் எனக்கு உள்ள படிப்பு எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடைக்காது.

என்னோடு வேலை பார்த்து, என்னோடு ஓய்வு பெற்று, இப்போது காலையில் பார்க்கில் என்னோடு நடக்கிற உங்களுக்கு என்னைப் பற்றி ஒரு கேள்வி உண்டு. இவள் ஏன் மொட்டைக் கடுதாசி என்றால் மட்டும் இத்தனை கறாராக இருந்தாள் என்று. நேரில் கேட்டதில்லை, முதுகுக்குப் பின்னால் கேட்டிருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். அந்த விதியை யாரோ ஒருவர் மீறியதால்தான் எங்கள் குடும்பம் இரண்டாகப் போனது என்று ஐம்பத்து மூன்று வருடம் நம்பியிருந்தேன். அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எழுபத்தொன்றாம் வருடப் போர் முடிந்த மறு கோடை அது. எனக்குப் பத்து வயது. பெரியப்பாவுக்குக் கண்டோன்மெண்ட் பக்கம் ஒரு பேக்கரி இருந்தது. முன்னால் கடை, நடுவில் விறகு அடுப்பு, பின்னால் இரண்டு அறைகள். அந்த இரண்டு அறைகளில் அப்பா, அம்மா, நான். நகரத்துக்கு வடக்கே ஒரு ராணுவத் தளம். அதன் மெஸ்ஸுக்குத் தினமும் காலை ஏழு மணிக்குள் ரொட்டி போய்ச் சேர வேண்டும். ஒப்பந்தம் பெரியப்பா பெயரில். கேட்டுக்குள் வேன் ஓட்டிப் போகும் பாஸ் அப்பா பெயரில். அது ஒரு மஞ்சள் அட்டை. அப்பா அதைச் சட்டைப் பையில் வைக்க மாட்டார். பழைய பவுடர் டப்பாவில் போட்டு, டப்பாவை வேனின் சீட்டுக்கு அடியில் வைத்திருந்தார். அந்த அட்டை இருக்கும் வரை அவருக்கு வேலை இருந்தது, எங்களுக்கு அந்த இரண்டு அறைகள் இருந்தன.

முன்பெல்லாம் அப்பா டவுன் முழுக்க ரொட்டி போடுவார். அந்த வருடம் பெரியப்பா அதை நிறுத்தி, டவுனுக்கு வேறு ஆள் வைத்துவிட்டார். அப்பாவுக்கு மிஞ்சியது தளத்துக்குப் போகும் ஒரே ஒரு நடை. "என்னை ஒரே ரோட்டுல கட்டிப் போட்டுட்டான்," என்று அப்பா அம்மாவிடம் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். தம்பியை ஒதுக்குகிறான் என்று அம்மாவும் நினைத்தார்.

அந்த ஒரே ரோடு ஒரு மாநில நெடுஞ்சாலை. பெரிய சாலையிலிருந்து பிரிந்து, பதினோரு கிலோமீட்டர் போய், தளத்தின் கேட்டில் முட்டி நின்றுவிடும். அதற்கு மேல் அதற்குப் போக இடமில்லை. நெடுஞ்சாலை என்ற பெயர் அதற்குக் கொஞ்சம் தொளதொளத்த சட்டைதான். ஆனாலும் மைல்கற்களுக்குப் பச்சைத் தலை உண்டு, எண் உண்டு. இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம், கேழ்வரகுக் கொல்லை, ஒரு ரயில்வே கேட், ஒரு சிறு பாலம். பாலம் தாண்டினால் முள்வேலியும் காவல் கோபுரமும் தெரியும்.

வேனின் முன்பக்கம் எஞ்சினை ஒரு இரும்புப் பெட்டியால் மூடி, மேலே கோணி விரித்திருப்பார்கள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் அந்தக் கோணிதான் என் இடம். கீழிருந்து சூடு ஏறும். பின்னாலிருந்து புது ரொட்டியின் புளித்த வாசனை வரும். இன்றைக்கும் டீசல் புகை வந்தால் எனக்குப் பசிக்கிறது. வேனின் முன்விளக்குகளில் மேல் பாதிக்குப் போர்க்காலத்தில் கறுப்பு அடித்திருந்தார்கள். போர் முடிந்தும் யாரும் சுரண்டவில்லை. சுரண்டச் சொல்லி உத்தரவு வரவில்லை என்று பெரியப்பா சொன்னார். அவரும் நடைமுறை தெரிந்தவர்தான்.

அம்மா ஏன் வேனில் வந்தார் என்பதற்கு ஒரு காரணம் தயாராக இருந்தது. அதிகாரிகளின் மனைவிமார் ஜாக்கெட் தைக்கத் துணி தருகிறார்கள், கேட்டில் போய் வாங்க வேண்டும். எனக்குப் பள்ளி விடுமுறை, அதனால் நானும் போகிறேன். இரண்டும் உண்மைதான்.

இரண்டாவது மைல்கல்லைத் தாண்டியதும் அப்பா வேனை ஓரம் கட்டுவார். அவர் ஒரு பக்கம் இறங்குவார், அம்மா ஒரு பக்கம் இறங்குவார். வேனின் மூக்குக்கு முன்னால் ஒருவரையொருவர் தாண்டிப் போய் இடம் மாறிக்கொள்வார்கள். அம்மா புடவைக் கொசுவத்தை இடுப்பில் செருகி, செருப்பைக் கழற்றி என்னிடம் தருவார். வெறுங்காலோடுதான் ஓட்டுவார்.

"கிளட்ச்ச ஏன் இப்படிப் படக்குனு விடற? முட்டையக் கீழ வைக்கிற மாதிரி விடு."

"உங்க அண்ணன் வண்டி, அவரு மாதிரியே முட்டுது. நான் என்ன பண்றது?"

"ரோட்டப் பாரு. எங்கண்ணன அப்புறம் பாத்துக்கலாம்."

"ரோடு எங்கயும் ஓடிப் போயிடாதுங்க. ஒரே ரோடு."

வேன் இருமியபடி கிளம்பும். அப்பா என்னோடு ஒரு விளையாட்டு ஆரம்பிப்பார். இடது பக்கம் என்ன வருகிறது, வலது பக்கம் என்ன வருகிறது என்று நான் முதலில் சொல்ல வேண்டும். "லெஃப்ட்ல சைக்கிள்." "ரைட்டுல எருமை, மூணு." "லெஃப்ட்ல ஆயா, தலையில புல்லு." அப்பா ஒவ்வொன்றுக்கும் "கரெக்ட்" என்பார். நான்தான் எப்போதும் ஜெயித்தேன். அப்பா விட்டுக் கொடுக்கிறார் என்று நினைத்தேன். பாலத்துக்கு முன்னால் மறுபடியும் வேன் நிற்கும், மறுபடியும் இடம் மாறுவார்கள். கேட்டுக்குப் போய்ச் சேரும்போது ஸ்டியரிங்கில் அப்பா இருப்பார்.

"பெரியப்பா கேட்டா என்ன சொல்லட்டும்?" என்று முதல் நாளே கேட்டேன்.

"தூங்கிட்டேன்னு சொல்லு," என்றார் அம்மா.

அம்மாவுக்கு வண்டி ஓட்ட ஆசை, பெரியப்பாவுக்குப் பிடிக்காது, அதனால் ரகசியம் என்றுதான் நான் புரிந்துகொண்டேன். உண்மை வேறு. அப்பாவுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. எதிரில் இருப்பது தெரியும். பக்கத்தில் வருவது தெரியாது. குழாய்க்குள் பார்ப்பது போல. டீயை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றுவார். நான் அருகில் நின்றால் இருப்பது தெரியாமல் என் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கண்ணில் நீர் அழுத்தம் என்று அதற்கு ஒரு பெயர் உண்டு என்பது எங்களுக்கு இருபது வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு அவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பெரியப்பாவுக்குத் தெரிந்தால் மஞ்சள் அட்டை போய்விடும். அதற்குள் அம்மா ஓட்டக் கற்றுக்கொண்டால் எப்படியாவது சமாளிக்கலாம். எப்படி என்று இருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. லைசென்ஸ், பாஸ், பெண் டிரைவர், ராணுவத் தளம்: இத்தனை விதிகள் குறுக்கே இருப்பதை எண்ணிப் பார்க்கிற புத்தி அந்த வீட்டில் பின்னால் எனக்கு மட்டும்தான் வந்தது.

ரகசியத்தைக் காட்டிக் கொடுத்தது ஒரு காகிதம். பேக்கரியில் செல்லான் என்று ஒரு துண்டுச் சீட்டு போடுவார்கள். எத்தனை ரொட்டி, எத்தனை பன் என்பதோடு, கிளம்பிய நேரத்தைப் பெரியப்பா தன் கையால் எழுதுவார். தளத்தின் கேட்டில் வந்து சேர்ந்த நேரத்தை முத்திரையோடு எழுதித் தருவார்கள். இரண்டு நேரமும் ஒரே காகிதத்தில் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருக்கும். கிளம்பிய இடத்திலிருந்து கேட் வரை எப்போதும் முப்பத்தைந்து நிமிடம். அந்தக் கோடையில் ஐம்பத்தைந்து.

பெரியப்பா முழங்கை வரை மைதாவோடு செல்லானைப் பிடித்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது.

"என்னடா, டெய்லி அம்பத்தஞ்சு நிமிஷம்? மாட்டு வண்டி கட்டிக்கினு போறியா?"

"ரயில்வே கேட் போட்டுட்றான் அண்ணே. கூட்ஸு வண்டி. நீளமா வருது."

"டெய்லி வருதா?"

"டெய்லி வருது."

"ஞாயித்துக்கிழமையுமா?"

"ஞாயித்துக்கிழமையும்தான்."

"ஞாயித்துக்கிழமை அந்த லைன்ல கூட்ஸே கிடையாதுடா, முண்டம். ஸ்டேஷன்ல கேட்டுட்டுத்தான் வரேன்."

அப்பா காலித் தட்டுகளை அடுக்கத் தொடங்கினார். பெரியப்பா என்னைப் பார்த்தார். "நான் தூங்கிட்டேன் பெரியப்பா," என்றேன், அவர் கேட்பதற்கு முன்பே. அடுப்படியில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து ரொட்டிகளைத் தானே எண்ணி ஏற்றினார். வழியில் நிறுத்தி ரொட்டி விற்கிறார்கள் என்று நினைக்கிறார் என்றார் அம்மா. அப்பா, "அவன் என்ன நினைக்கிறான்னு அவனுக்கே தெரியாது," என்றார். அதிலிருந்து எங்கள் இரண்டு அறைகளில் எல்லாரும் தாழ்ந்த குரலில் பேசினோம். சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு மட்டும்தான் இருந்தது.

சந்தேகப்பட்டவர் பெரியப்பா மட்டுமல்ல. தளத்தின் கேட்டில் ஒரு ஹவில்தார் இருந்தார். குடியாத்தம் பக்கத்து ஆள். பாஸ் இல்லாததால் அம்மாவும் நானும் கேட்டுக்கு வெளியே தகரக் கொட்டகையில் உட்காருவோம். அப்பா மட்டும் உள்ளே ஓட்டிப் போய் ரொட்டி இறக்கிவிட்டு வருவார். ஒரு நாள் அம்மா துணி வாங்க அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து ஹவில்தார் என்னிடம் வந்தார்.

"இன்னா பாப்பா, லீவா?"

"ஆமா."

"உங்க வண்டி ரெண்டாங்கல்லுகிட்ட நிக்குது, பாலத்தாண்ட நிக்குது. டவர்லேர்ந்து பைனாகுலர்ல பார்த்தா எல்லாம் தெரியுது. அங்க இன்னா பண்றீங்க?"

"நான் தூங்கிட்டேன்."

"ஓஹோ. ரெண்டு தடவையும் தூங்கிட்டியா?"

"ஆமா."

"தூங்கின கண்ணு மாதிரி இல்லியே." காக்கி நிக்கர் பையிலிருந்து இரண்டு பிஸ்கட் எடுத்துக் கொடுத்தார். பிஸ்கட்டில் துப்பாக்கி எண்ணெய் வாசனை அடித்தது. தின்றுவிட்டேன். தின்ற பிறகுதான் பயம் வந்தது. அப்போது வேன் உள்ளிருந்து திரும்பி வந்து, தடுப்புக் கம்பத்தின் கல்தூணில் உரசி நின்றது. ஹவில்தார் என்னை விட்டுவிட்டு அதைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். அம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை. பிஸ்கட் வாங்கித் தின்றதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்குமே.

அடுத்த வாரம் ஒரு காலையில் கேட்டில் ஹவில்தார் இல்லை. புது அதிகாரி ஒருவர், கையில் குச்சியோடு நின்றிருந்தார். அப்பாவை இறங்கச் சொன்னார், அட்டையை வாங்கினார், தன் காகிதங்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டார். சிப்பாய்கள் வந்து ரொட்டித் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள்.

"எதுக்கு சார்?" என்று அப்பா இந்தியில் கேட்டார்.

"தகவல் வந்திருக்கிறது," என்றார் அதிகாரி. அவ்வளவுதான். யாரிடமிருந்து, எப்படி, என்ன தகவல் என்று கேட்கிற உரிமை அப்பாவுக்கு இருந்தது. கேட்கத் தெரியவில்லை. நான் இருந்திருந்தால் எழுத்து மூலம் கேட்டிருப்பேன். நான் அங்கேதான் இருந்தேன். ஆனால் பத்து வயது.

அப்பா வேனைச் சுற்றி நடந்து போய் இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார். அம்மா கொசுவத்தைச் செருகி, அந்த அதிகாரியின் கண்முன்னால் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து வேனைத் திருப்பினார். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவது குற்றம் என்று அந்த இடத்தில் யாருக்கும் தோன்றவில்லை. பாலத்தில் நிறுத்தவில்லை, இரண்டாம் மைல்கல்லில் நிறுத்தவில்லை. பெரிய சாலையில் ஏறி, லாரிகளுக்கும் பஸ்களுக்கும் நடுவில், மார்க்கெட் வழியாக, பேக்கரி வாசலுக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். வழி நெடுக நான் இடது வலது சொல்லிக்கொண்டே வந்தேன். யாரும் "கரெக்ட்" சொல்லவில்லை.

பெரியப்பா வாசலில் நின்றிருந்தார். ஸ்டியரிங்கில் அம்மாவைப் பார்த்தார். அவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை. அதை அப்பாவால் பார்த்திருக்க முடியாது. அம்மா பார்த்தார், நான் பார்த்தேன். அவருக்கு முன்பே தெரியும் என்று அந்த முகம் சொன்னது. அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. "இவருதாங்க," என்றார் அப்பாவிடம், மெதுவாக.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் சர்ச்சுக்காரர்கள் நடுவில், கமிட்டி தேர்தல் வந்தாலும், கல்யாணப் பேச்சு வந்தாலும், எதிர்க்கடை திறந்தாலும் மொட்டைக் கடுதாசி போடுவது ஒரு பழக்கம். பெரியப்பா அதில் கைதேர்ந்தவர். இடது கையால் எழுதுவார், வேறு பேட்டைத் தபால்பெட்டியில் போடச் சொல்வார். போட்டுவிட்டு வந்ததெல்லாம் அப்பாதான். அதனால் 'தகவல்' என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஒரே உருவம்தான் மனதில் வந்தது: கோணல் எழுத்தில் ஒரு அஞ்சலட்டை.

"எழுதிட்டல்ல?" என்று அப்பா கத்தினார். "இடது கையா, வலது கையா?"

"என்னடா உளர்ற?"

"கமிட்டிக்காரன் மேல எழுதின. எதிர்க்கடைக்காரன் மைதாவுல புழுன்னு எழுதின. அதெல்லாம் போஸ்ட் பண்ணவன் நானு. என்னப் பத்தி எழுதினத எவன் கையில குடுத்து போஸ்ட் பண்ண?"

அடுப்படியில் வேலை நின்றுவிட்டது. பெரியப்பா கையிலிருந்த மைதா உதிர்ந்துகொண்டிருந்தது.

"சொல்லிட்டியா? இன்னும் இருக்கா?"

"இருக்கு. நீயெல்லாம் ஒரு அண்ணனா?"

பெரியப்பா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "சாவிய அங்க மாட்டு," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். ஆணியில் சாவியை மாட்டியது அம்மா.

மூன்றாம் நாள் நீலசந்திராவில் ஒரு ஓட்டு வீட்டுக்குக் குடிபோனோம். அம்மா ரெடிமேட் துணிக் கம்பெனியில் மெஷினில் உட்கார்ந்தார். அப்பா ஒரு மரக்கடையில் வாட்ச்மேனாக இருந்தார். கண் முழுதாகப் போகும் வரை. அம்மா அதற்குப் பிறகு ஒரு ஸ்டியரிங்கையும் தொடவில்லை. பெரியப்பா வீட்டு விசேஷங்களுக்குப் போகவில்லை. பெரியப்பா இறந்தபோது நான் வேலையில் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அடக்கத்துக்குப் போகலாமா என்று கேட்டேன். "கையெழுத்துப் போட தைரியம் இல்லாத ஆளுக்கு நாம எதுக்கு மண்ணு போடணும்?" என்றார் அம்மா. அப்பா சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். போகவில்லை.

நானும் என் பங்குக்கு ஒரு சந்தேகத்தை வளர்த்து வந்தேன். பெரியப்பா எழுதியிருந்தாலும், ஹவில்தாரிடம் நான் பொய் சொல்லாமல் இருந்திருந்தால் அந்தக் கடிதத்தை யாரும் நம்பியிருக்க மாட்டார்களோ என்று. இரண்டு பிஸ்கட்டுக்கு இது நீளமான விசாரணைதான்.

சென்ற வருடம் அம்மா இறந்தார். ரிச்சர்ட்ஸ் டவுன் மாதா கோயிலில் அவருக்காகப் பூசை நடந்தபோது கடைசி பெஞ்சில் பெரியப்பாவின் மகள் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அக்கா முறை. முடிந்த பிறகு என்னிடம் வந்தாள்.

"சித்தியும் போயிட்டாங்க. இனிமேலாவது சொல்லுடி. எங்கப்பா உங்களுக்கு என்ன பண்ணாரு?"

"உனக்குத் தெரியாதா?"

"எங்க வீட்ல யாருக்கும் தெரியாது. அப்பாவ கேட்டா, அடுப்பப் பாக்கப் போயிடுவாரு. சாகற வரைக்கும் வாசல்ல வண்டி சத்தம் கேட்டா எட்டிப் பாப்பாரு."

பெஞ்சிலேயே வைத்துச் சொல்லியிருக்கலாம். அம்மா சொன்ன வாக்கியமும் தயாராக இருந்தது. ஆனால் பதினோரு வருட விஜிலன்ஸ் வாயில் வந்து உட்கார்ந்துகொண்டது. கடிதத்தை நான் பார்த்தேனா? இல்லை. வேறு யாராவது பார்த்தார்களா? இல்லை. "விசாரிச்சுட்டு சொல்றேன்," என்றேன். அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அம்பது வருஷமா விசாரிக்கவே இல்லியா?" என்றாள்.

முதலில் அந்தச் சாலையில் போனேன். நானேதான் ஓட்டினேன். மேம்பாலம், அடுக்குமாடிகள், கம்பெனி கேப்கள், திராட்சைத் தோட்டத்தின் இடத்தில் திராட்சையின் பெயர் வைத்த குடியிருப்பு. நாலு வழிச் சாலையில் அந்தப் பதினோரு கிலோமீட்டருக்கு எனக்கு ஐம்பது நிமிடம் பிடித்தது. கேட்டுக்கு முன்னால் ஓரம் கட்டினேன். ஒரு சின்னப் பையன், துப்பாக்கியோடு, ஓடி வந்தான்.

"மேடம், இங்கே நிறுத்தக் கூடாது. என்ன பார்க்கிறீர்கள்?" இந்தியில் கேட்டான்.

"ரோட்டை," என்றேன்.

வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டான். முறைப்படி செய்கிறான் என்று மகிழ்ச்சியாக இருந்தது.

பிறகு தகவல் உரிமை மனு. அந்தக் காலத்துக் கேட் ஏடுகளெல்லாம் வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்து எரிக்கப்பட்டிருக்கும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் எனக்கு இன்னொன்றும் தெரியும். அந்த நெடுஞ்சாலையின் கடைசித் துண்டு மாநிலத்துடையதா தளத்துடையதா என்று வெகு காலம் ஒரு வழக்கு நடந்தது. அதன் கோப்பு ஒரு முறை என் மேஜையைத் தாண்டிப் போனது. யார் யார் அந்தச் சாலையைப் பயன்படுத்தினார்கள் என்பதற்குச் சான்றாகக் கேட்டின் வண்டி ஏடும், அதோடு சேர்ந்த கடிதங்களும் அதில் தாக்கல் ஆகியிருந்தன. வழக்கில் சான்றாகப் போன ஏட்டை எரிக்க முடியாது. மனுவில் அதையும் எழுதினேன். முதல் பதில்: 'ஆவணம் கிடைக்கவில்லை.' மேல்முறையீடு செய்தேன். 'தேடப்படுகிறது' என்றார்கள். இரண்டாம் மேல்முறையீட்டில் பட்டியல் எண்ணைக் குறிப்பிட்டேன். அதன் பிறகு வெகு நாள் மௌனம்.

கடைசியில் வந்தது மூன்று தாள்.

முதல் தாள் முகப்புக் கடிதம். மேற்படி ஓட்டுநரைப் பற்றிப் பெயரில்லாத புகார் எதுவும் அந்தக் காலத்தில் பெறப்பட்டதாகப் பதிவு இல்லை.

இரண்டாம் தாள் கேட் ஏட்டின் ஒரு பக்கம். குறிப்புப் பத்தியில் ஹவில்தாரின் குண்டு குண்டான ஆங்கிலம்: 'ஓட்டுநர் பக்கவாட்டில் பார்ப்பதில்லை. கல்தூணில் இரண்டு முறை உரசல். சாலையில் வண்டியை ஓட்டுவது மனைவி. சந்தேகப்பட ஏதுமில்லை. ஓட்டுநரைக் கண் மருத்துவரிடம் அனுப்பச் சொல்லலாம்.' இதுதான் தகவல். அதிகாரி அதில் முதல் பாதியை எடுத்துக்கொண்டு அட்டையை வாங்கியிருக்கிறார்.

மூன்றாம் தாள் ஒரு கடிதம். பெயர்களையெல்லாம் தனிநபர் உரிமை கருதிக் கறுப்பு மையால் மறைத்திருந்தார்கள். கீழே தமிழில் போட்டிருந்த கையெழுத்தை மறைக்க மறந்துவிட்டார்கள். பெரியப்பாவின் கையெழுத்து. செல்லான்களில் ஆயிரம் முறை பார்த்தது. தேதி, சண்டை நடந்த மறுநாள்.

'என் தம்பிக்குப் பார்வை குறைந்து வருவது எனக்கு ஒரு வருடமாகத் தெரியும். வண்டியை ஓட்டுவது அவன் மனைவி. என் சம்மதத்தோடுதான் ஓட்டுகிறாள். நேற்று உங்கள் கேட்டிலிருந்து என் கடை வரை அவள் ஓட்டிக்கொண்டு வந்ததை நானே பார்த்தேன். நன்றாக ஓட்டுகிறாள். லைசென்ஸ் எடுக்க நான் ஏற்பாடு செய்கிறேன். பாஸை அவள் பெயருக்கு மாற்றித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.'

'ஒரு வருடமாக' என்பது உண்மை; அப்பாவின் டவுன் நடையை நிறுத்தியது அந்த வருடம்தான். 'என் சம்மதத்தோடு' என்பது பொய். எனக்குத் தெரிந்து பெரியப்பா தன் பெயரும் முகவரியும் போட்டு எழுதிய ஒரே பொய் அதுதான். ஓரத்தில் யாரோ ஒரு அதிகாரி எழுதியிருந்தார்: 'பெண் ஓட்டுநருக்கு பாஸ் தர விதியில் இடம் உண்டா? தெளிவு கேட்கவும்.' அதன் கீழே வேறு மையில், 'கேட்கப்பட்டது.' அதன் கீழே ஒன்றும் இல்லை. தெளிவு வந்ததாகவும் இல்லை, கோப்பு முடிக்கப்பட்டதாகவும் இல்லை. முறைப்படி பார்த்தால் அது இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. பதில் வந்ததும் எங்களிடம் வந்து சொல்லலாம் என்று பெரியப்பா காத்திருந்திருக்க வேண்டும். அதைத் தவிர எனக்கு வேறு விளக்கம் கிடைக்கவில்லை. எழுதிய ஆளிடம் விளக்கம் கேட்கிற கட்டம் எப்போதோ தாண்டிவிட்டது.

இந்த வருடம் கல்லறைத் திருநாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அப்பா அம்மாவுக்குச் சாமந்தியும் மெழுகுவர்த்தியும் எடுத்துப் போனேன். பெரியப்பாவின் கல்லறை அதே வரிசையில், நான்கு தள்ளி. அக்கா அங்கே குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, "விசாரிச்சியா?" என்றாள். "இன்னும் பதில் வரல," என்றேன். கையில் இரண்டு மெழுகுவர்த்தி மீதி இருந்தது. ஆதாரம் இல்லாமல் எதுவும் செய்யக் கூடாது என்று அவற்றைப் பையில் போட்டுக்கொண்டு, எல்லா வருடமும் போல அந்தக் கல்லறையைத் தாண்டி நடந்து வந்துவிட்டேன்.

அந்த மூன்று தாளும் வந்தது மறுநாள். நவம்பர் மூன்று, திங்கட்கிழமை.